பெட்டியை எந்தப் பக்கம் திருப்புவது

என்னிடம் இருந்த செட் மோசமானதல்ல. மாற்றப்போகிறேன் என்று சொன்னபோதெல்லாம் கேட்டவர்கள் "ஏன், பழுதா?" என்றார்கள். பழுதில்லை. ஜப்பானில் செய்த பழைய அம்ப்ளிபயர். வானொலியும் அதற்குள்ளேயே இருந்தது. முகப்பில் கனமான குமிழ்கள், திருப்பினால் எண்ணெய் போட்டதுபோல் நகரும். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு விரிவுரையாளரிடம் இரண்டு ஸ்பீக்கர்களோடு சேர்த்து வாங்கினேன். ஸ்பீக்கர்கள்தான் தளர்ந்துபோயிருந்தன. கண்டியின் ஈரம் எதையும் விட்டுவைக்காது. செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும், புத்தக அட்டையில் பிடிக்கும், ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தையும் அரித்துவிடும். மேளம் வந்தால் வலப்பக்கப் பெட்டி கரகரத்தது.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். பல்கலைக்கழக வாசலை மிதித்தவளும் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை, சொல்லாமல் விடுவதற்கும் காரணம் இல்லை. கெலிஓயாவில் மேட்டுப் பக்கமாக ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, அந்த வீட்டின் ஹாலில் எனக்கென்று ஒரு கதிரையைப் போட்டபோது, உலகத்தில் எனக்கு வேண்டியது ஏறக்குறைய கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கதிரையைச் சும்மா போடவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களும் கதிரையும் சேர்ந்து சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். தரையில் வெள்ளை நாடா ஒட்டி இடங்களை அடையாளப்படுத்தியிருந்தேன். வேலைவிட்டு வந்து தேநீரோடு அதில் உட்கார்ந்தால், பாடுகிறவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நிற்பதுபோல் கேட்கும். அதை இன்னும் எப்படி நன்றாக்கலாம் என்பதுதான் என் யோசனை. முதலில் ஸ்பீக்கரை மாற்று என்பார்கள் சிலர். அறைக்குத் திரைச்சீலையும் கம்பளமும் போடு, பாதிக் குறை தீரும் என்பார்கள் வேறு சிலர். அம்ப்ளிபயரைக் கடைசியாகத் தொடு என்பது இணையத்தில் பலர் ஒத்துப்போன ஒரே விஷயம். எனக்கோ அம்ப்ளிபயரின் மேல்தான் கண். போனிலிருந்தே இயக்கக்கூடிய, புத்தகமளவே உள்ள புதியவை வந்திருந்தன.

இந்த யோசனை நடந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா வந்து சேர்ந்தார்.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டி ஓய்வு கொடுத்த பிறகும் அங்கேயே, அண்ணன் குடும்பத்தோடு லயத்து வரிசை வீட்டில் இருந்தார். அப்பா இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்த நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், எனக்கென்று ஒரு வீடு வந்ததும் உன்னைக் கூட்டிப்போவேன் என்று. கூட்டி வந்தேன். அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"தீபாவளி வரைக்கும் இருந்து பாக்குறேன். ஒத்துவரலன்னா போயிருவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கக்கூடாது."

சரி என்றேன். அம்மாவை லயத்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனவள் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டாகியிருந்தது. அவர் திரும்பிப் போனால் அந்தப் பெயர் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. வேலை முடிந்து ஆளில்லாத வீட்டின் பூட்டைத் திறப்பதும் எனக்குச் சலித்திருந்தது. இரண்டில் எது பெரிது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

அம்மா வந்த சில நாட்களிலேயே ஸ்பீக்கர்கள் இடம் மாற ஆரம்பித்தன. பகலில் அம்மா வானொலி போட்டுக் கேட்பார்; மாலையில் நான் வந்து பார்த்தால் இரண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டித் துடைக்கும்போது நகர்ந்திருக்கும் என்று நினைத்து நாடாவின்படி திருப்பி வைப்பேன். மறுநாள் மறுபடி வாசலைப் பார்க்கும். நாங்கள் இரண்டு பேரும் வாய்பேசாமல் பெட்டிகளைத் திருப்பிக்கொண்டே இருந்தோம்.

ஒரு விடுமுறை நாளில் நேரிலேயே பிடித்தேன்.

"நீயாம்மா பொட்டிய திருப்புற?"

"பின்ன, பேயா வந்து திருப்பும்?"

"எதுக்கு?"

அம்மா துடைப்புத் துணியைக் கீழே போட்டார். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற முகம்.

"மொதல்ல நீ சொல்லு. யாரோட சண்ட?"

"யாரோடயும் இல்ல."

"சண்ட இல்லாமயா பொட்டிய உள்ளுக்குப் பாத்து வச்சிருக்க? அக்கம்பக்கத்துல என்னா நெனப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, தெரிந்ததுதானே, எப்படி மறந்தேன் என்று தோன்றியது.

லயத்தில் வீடுகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு காம்பரா வீட்டில் பாட்டுப் போட்டால் அது வரிசை முழுவதற்குமான பாட்டு. பெட்டியை வாசலில், முன்தாழ்வாரமான இஸ்தோப்பைப் பார்த்து வைப்பார்கள். ஒரு வீட்டில் ஆரம்பித்துவிட்டால் அடுத்த வீட்டில் போடமாட்டார்கள். பிடித்த பாட்டு வந்தால் மூன்றாம் வீட்டிலிருந்து "கூட்டி வைய்யி" என்று குரல் வரும். கைக்குழந்தை தூங்கினால் "கொறைங்கடி" என்று வரும். பெட்டியை உள்பக்கம் திருப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கள் பாட்டை நீ கேட்க வேண்டாம். ஒருமுறை தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடம் வைத்தது என்ற தகராறில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் பெட்டியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். திருப்பியும் பாட்டு எங்களுக்கு நன்றாகவே கேட்டது, அது வேறு விஷயம். பல நாள் கழித்து ஒரு காலையில் பெட்டி வாசலைப் பார்த்திருந்தது. அம்மா ஒரு கிண்ணத்தில் கறி கொண்டுபோய்க் கொடுத்தார். சமாதானப் பேச்சு என்று எதுவும் நடக்கவில்லை.

அம்மாவுக்கு நான் விளக்கினேன். இது டவுன் பக்கம். அவரவர் பாட்டு அவரவர் வீட்டுக்குள். வாசலைப் பார்த்து வைத்தால் யாராவது வந்து சத்தம் போடுவார்கள்.

"போடட்டுமே," என்றார் அம்மா. "அப்பயாச்சும் ஒரு ஆளு பேசுன மாதிரி இருக்கும். நீ காலையில போனா பொழுதுபட வர்ற. பகல் பூரா நான் வாயத் தொறக்குறது சோறு திங்க மட்டுந்தான்."

கீழே கிடந்த துணியை எடுத்துக்கொண்டே, வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் தாங்காதுன்னு நெனைக்கிறேன் புள்ள."

நான் எடுத்த முடிவு, இப்போது எழுதும்போது கொஞ்சம் விசித்திரமாகத் தெரிகிறது. செட்டை மாற்றுவதை இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன். கரகரக்கிற பெட்டியில் கேட்பதால்தான் அம்மாவுக்கு அது வெளியே அனுப்ப வேண்டிய சத்தமாகத் தெரிகிறது, நல்ல செட்டில் கேட்டால் உட்கார்ந்து கேட்பார், பகல் அவருக்கு நீளாது என்று கணக்குப் போட்டேன். கருவிகளை நம்பி வேலை செய்கிறவளுக்கு அது நியாயமான கணக்காகவே பட்டது.

அடுத்த கிளினிக் நாளில், வைத்தியசாலையில் அம்மாவின் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டு, அப்படியே கண்டி டவுனில் நான் வழக்கமாகப் போகும் கடைக்குக் கூட்டிப்போனேன். மாடிக் கடை. முதலாளி என் வயதுக்குக் கொஞ்சம் மூத்த முஸ்லிம். விற்பதைவிட போட்டுக் காட்டுவதில் அவருக்கு ஆசை அதிகம். நான் கண்வைத்திருந்த சின்ன அம்ப்ளிபயரையும் ஒரு சோடி ஸ்பீக்கரையும் இணைத்தார்.

"மிஸ், இதுல எல்லாமே போன்லதான். எழும்பவே தேவல்ல."

"எழும்பாம எப்புடி?" என்றார் அம்மா. பாட்டுத் தொடங்கியதும் அவர் எழும்பி, கடைக்கு வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

முதலாளி பதறினார். "அம்மாக்கு சத்தம் கூடிட்டா? கொறைக்கவா?"

"இல்ல. அவங்க கேக்குறாங்க."

படிக்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, மலையில் அடுத்த தேயிலை நிரைக்குக் கூப்பிடுகிற குரல். "மேளம் வருது! சொல்லு வரல!"

கீழேயிருந்து ஏறிவந்த இருவர் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள்.

"இன்னுங் கொஞ்சம் கீழ போயி பாக்குறேன்!"

"இப்பிடியே ரோட்டுக்குப் போயிருவாங்க போல," என்றார் முதலாளி.

தெருவிலிருந்து கேட்டுப் பார்ப்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த சோதனை. லயத்தில் யாராவது புதுப் பெட்டி வாங்கினால் வீட்டுக்காரர் பாதைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வருவார். அம்மா திரும்பி வந்ததும் நான் விளக்கினேன்: அடிச்சத்தம் எல்லாப் பக்கமும் பரவும், மேல்சத்தம் ஸ்பீக்கர் பார்க்கும் திசையில்தான் நேராகப் போகும், அதனால்தான் வெளியே சொற்கள் தெளியவில்லை.

"அப்ப வாசலப் பாத்து வச்சா சொல்லு வரும்ல?"

"வரும்," என்றேன்.

"மிஸ், அம்மாவ கடைக்கு வேலைக்கு எடுக்கவா?"

"என்னா சம்பளம் குடுப்பீங்க?" என்றார் அம்மா.

"பாட்டு சும்மா கேக்கலாம்."

"அது படிக்கட்டுலயே கேட்டுட்டேனே."

நான் பழக்கப்பட்டவள் என்பதால் முதலாளி, சில நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள், பிடித்தால் பழைய அம்ப்ளிபயரைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று புதியதையும் அந்தச் சோடி ஸ்பீக்கரையும் கொடுத்துவிட்டார். ஓட்டோ பிடித்து வந்தோம். பழைய செட்டைத் துணியால் மூடி அலுமாரிக்குப் பக்கத்தில் தள்ளினேன்.

புதிய செட் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பழகிய பாட்டில் பின்னால் ஒரு வயலின் இருந்தது முதன்முறையாகத் தெரிந்தது. பாடுகிறவர் அடியை முடித்து மூச்சு வாங்குவது கேட்டது. அம்மாவை என் கதிரையில் உட்காரவைத்தேன். கிளினிக்கில் இரத்தம் எடுக்கக் கூப்பிட்டவர்போல, மடியில் கைவைத்து நேராக உட்கார்ந்து பாட்டு முடியும்வரை கேட்டார்.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

"தெளிவா?"

"தெளிவாத்தான் இருக்கு. நட சாத்துன கோயில்ல நம்மள மட்டும் உள்ள வச்சி பூச பண்ணுன மாதிரி."

அம்மாவுக்குக் கோபமில்லை. இருந்ததைச் சொன்னார்.

மறுநாள் மதியம், ஆய்வுகூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. புதிய அம்ப்ளிபயர் என் போன் சொன்னால்தான் பாடும். போன் என் கைப்பையில் இருந்தது. அதில் குமிழும் இல்லை, வானொலியும் இல்லை. அம்மாவின் பகலை நிரப்பக் கொண்டுவந்த செட் காலையில் என்னோடு பஸ் ஏறிவிட்டது. மாலையில் அம்மாவிடம், பழைய போன் ஒன்றைப் பழக்கிக் கொடுக்கலாம் என்று நான் ஆரம்பித்தபோது அவர் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம வாறேன்னு அண்ணனுக்குச் சொல்லிட்டேன்."

"திரும்பி வருவியா?"

"பாப்போம்."

வெள்ளி போனது. சனிக்கிழமை பின்நேரம் யாரோ கேட்டில் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி. முஸ்லிம் குடும்பம், கணவருக்கு கெலிஓயா கடைத்தெருவில் வியாபாரம். குடிவந்ததிலிருந்து நானும் அவரும் தலையாட்டிச் சிரித்திருக்கிறோம், அதற்குமேல் இல்லை. கையில் மூடிய கோப்பை இருந்தது.

"மகள், அம்மா இல்லையா? ரெண்டு மூணு நாளா பாட்டுச் சத்தமே இல்ல. சொகமில்லையோன்டு பாத்தேன்."

அம்மா சமையலறையிலிருந்து வந்தார்.

"இல்லக்கா, நான் அன்டைக்கு ஜன்னலக் கொஞ்சம் பலமா சாத்திட்டேன்," என்றார் பெண்மணி. "சின்னவளுக்கு ஓ எல் சோதினை வருது, படிக்க ஏலாம ஈக்கின்டு கத்துறா. அடுத்த நாளே பாட்டு நின்டு போச்சி. எனக்கு ஒரு மாதிரி போச்சி. கோவமாக்கும்ன்டு நெனச்சேன்." கோப்பையை நீட்டினார். தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம்.

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விளக்கத் தேவையில்லை. பாட்டு வாசலுக்கு வராவிட்டால் சண்டை என்று அக்கம்பக்கம் நினைக்கும்: அவர் சொன்னது அதுதான்.

"ஐயோ தங்கச்சி, கோவமெல்லாம் இல்ல. மக புதுசா ஒண்ணு கொண்டாந்திருக்கா. அது அவ சொன்னாத்தான் பாடும். உள்ள வாங்க. புள்ள சோதனைன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்ல வெக்கமா ஈந்திச்சி."

"இதுல என்னா வெக்கம்? எவ்வளவு வச்சா தொந்தரவு இல்லன்னு பாத்து வச்சிருவோம். புள்ள, அந்தப் பழசத் தூக்கிட்டு வா."

பழைய அம்ப்ளிபயரைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்து வயர்களை முறுக்கினேன். பெண்மணி தன் வீட்டுச் சமையலறைக்குப் போனார். அம்மா குமிழில் கைவைத்தார். மதிலுக்கு மேலாகப் பேச்சு நடந்தது.

"கேக்குதா தங்கச்சி?"

"கேக்குது! கொறைங்கக்கா!"

"இப்ப?"

"இன்னுங் கொஞ்சம்!"

"இப்ப?"

"இப்ப சொல்லு வெளங்குதில்ல! ஒரு சொட்டுக் கூட்டுங்க!"

"பாங்கு நேரம் நிப்பாட்டிருவேன், அது எனக்குத் தெரியும்!"

"நீங்க நிப்பாட்டுறது தெரியும்க்கா! அதக் கேட்டுத்தான் நான் பாங்கு நேரமாகுதுன்டு தொழுறதுக்கு ஒழு எடுக்கப் போறது!"

கீழ்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் வாசலில் ஒருவர் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். பல்கலைக்கழகத்து மிஸ் என்று அந்தப் பாதையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. கையில் ஸ்பீக்கர் வயரோடு, இந்தக் கூச்சலின் நடுவில், எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. பக்கத்து வீட்டில் ஓ எல் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணனிடம் சொல்லியாயிற்று, சொன்னால் போக வேண்டும். பேராதனைச் சந்தியில் கலஹா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஆசனம் கிடைத்தது. "வட்டிலப்பக் கோப்பைய வெறுமனே குடுத்துறாத," என்றார். பஸ் போய்விட்டது.

செட்டைப் பற்றிய முடிவு எனக்கு அன்றே தெளிந்துவிட்டது. பழைய அம்ப்ளிபயரின் முதுகில் இரண்டு சோடி ஸ்பீக்கர்களுக்கு இடம் உண்டு. முகப்பில் ஏ, பி என்று ஒரு திருகி. வாங்கிய நாளிலிருந்து பி பக்கத்தை நான் பயன்படுத்தியதே இல்லை. ஒரு கதிரைக்கு எதற்கு இரண்டு சோடி? புதிய அம்ப்ளிபயருக்கு ஒரு சோடிக்குத்தான் இடம். புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்தேன்.

"மிஸ், எல்லாரும் முன்னுக்குப் போற, நீங்க பின்னுக்குப் போறீங்களே," என்றார் முதலாளி. ஆனாலும் புதிய ஸ்பீக்கரைத் தந்து, பழைய சோடிக்கு நுரை வளையம் மாற்றியும் கொடுத்தார். புதியதை நாடா ஒட்டிய இடத்தில், என் கதிரையைப் பார்த்து வைத்தேன். பழையதை முன்பக்கக் கூரைக்குக் கீழே, சாரல் படாத உயரத்தில், கேட்டைப் பார்த்து ஆணியடித்து மாட்டினேன். மின்தடையை அளந்து பார்த்தேன். இரண்டு சோடியும் ஒன்றாகப் பாடினால் அம்ப்ளிபயர் சூடேறும். ஒரு நேரத்தில் ஒன்றுதான், உள்ளே அல்லது வெளியே. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பி பக்கத்தில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்தேன். அவர் வருவாரா என்று தெரியாமல்தான் வைத்தேன். போனில் பேசும்போது நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜன்னலோரம் செட் இருக்கும் இடத்தையும் சிவப்புப் புள்ளியையும் மட்டும், வேறு பேச்சுக்கு நடுவில், ஒருமுறை சொல்லிவைத்தேன்.

அந்த நாட்களில் மாலையில் கதிரையில் உட்கார்ந்து புதிய ஸ்பீக்கரில் கேட்டேன். பழைய அம்ப்ளிபயரிலும் அந்த வயலின் தெரிந்தது. நல்ல சத்தம். கேட்டு முடித்து எழும்பி விளக்குப் போடுவேன்.

கோப்பையில் நான் செய்த உளுந்து வடையை வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். "பாப்போம்," என்றேன்.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டுப் பாதையில் திரும்பினேன். மழை விட்டிருந்தது. வளைவுக்கு முன்பே பாட்டுக் கேட்டது. முதலில் எங்கிருந்தோ என்று நினைத்தேன். நாலடி ஏறியதும் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. சொல்லுக்குப் பிறகுதான் மேளம் வந்தது. அம்மாவிடம் ஒரு சாவி இருந்தது என் நினைவுக்கு வந்தது.

"கொறைங்கக்கா, சின்னவ வந்துட்டா!" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் குரல்.

"ஆ, கொறைச்சிட்டேன்!"

குறைந்தது. குறைந்த பிறகும் பாதையில் நின்று கேட்டேன். வெளிச் சோடிக்கு மேல்சத்தம் ஒரு சொட்டுக் குறைவாக இருந்தது. பெட்டிகளைக் கொஞ்சம் கீழே சாய்த்து மாட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.